பாக்கி நின்ற ஒரு சுற்று

பேச்சித்தாய் சைக்கிள் ஓட்டப் பழகியது ஆசைப்பட்டு அல்ல. கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கரிசல் கிராமத்துக்கு வந்த இரண்டாம் வருஷம், டவுனுக்குப் பால் கொண்டுபோய் ஊற்றிவந்த கணவன் துரைப்பாண்டியின் பாதத்தில் கருவேல முள் ஏறிப் புரையோடிவிட்டது. விடிகாலையில் பஸ் கிடையாது. சில நாள் அவள் பாலைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், பால் திரிந்துவிடும். அப்புறம்தான் வீட்டில் நின்ற ஆண்கள் சைக்கிளைக் கண்மாய்க் கரைக்கு உருட்டிக்கொண்டு போனாள். கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதுதான் காரணம். முழங்கை இரண்டும் உரிந்த பிறகு சைக்கிள் அவள் சொன்னபடி கேட்டது. துரைப்பாண்டிக்குக் கால் ஆறியபோது எருமைகளையும் ஆடுகளையும் அவன் பார்த்துக்கொண்டான். பால் அவளோடு நின்றது.

அந்தப் பாதையில் ஒரு வினோதம் உண்டு. கிராமத்திலிருந்து டவுன் நேர் மேற்கே. ஆனியிலிருந்து ஆவணி வரை மலைக் கணவாயிலிருந்து வரும் காற்று மேற்கேயிருந்துதான் அடிக்கும். ஆக, கேன் நிறையப் பால் இருக்கும்போது எதிர்க்காற்று. காலிக் கேனோடு திரும்பும்போது பின்காற்று. பேச்சித்தாய் உடம்பைத் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளே ஒடுக்கி, ஒரே சீராக மிதிப்பாள். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் கேனுக்குள் பால் அலம்பி, வெண்ணெய் திரள ஆரம்பித்துவிடும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கொழுந்தன் சங்கரசுப்புவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை கிடைத்தது. ஆவணியில் போய்ச் சேர வேண்டும். ஷிப்டு வேலை, நேரங்கெட்ட நேரத்தில் பஸ் கிடையாது. பேச்சித்தாய் ஓட்டிவந்த சைக்கிளோ, மாமனார் ஆறுமுகச்சாமி ஆடு விற்று வாங்கியது.

"அவனுக்குத்தான் வேணும் தாயி. உனக்கு வேற வழி பாப்போம்" என்றார் மாமனார்.

"என்ன வழி மாமா?"

வேறு வழி என்றால் பருத்திக்காட்டுக் கூலி என்பது இருவருக்கும் தெரியும். அவர் சொன்னதில் அநியாயம் இருப்பதாகப் பேச்சித்தாய்க்கும் தோன்றவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு சைக்கிள் வேண்டும்.

அந்த வாரம் டயருக்குக் காற்றடிக்க நின்றபோதுதான், காசிராஜனின் வாடகை சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். பெண்களுக்கான மூன்று நாள் சைக்கிள் பந்தயம். முதல் நாள் திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில். மறுநாள் புளியங்குடி, வாசுதேவநல்லூர் வழியாக ராஜபாளையம். மூன்றாம் நாள் ராஜபாளையத்திலிருந்து மறுபடி சங்கரன்கோவில் வந்து, ரத வீதிகளில் ஐந்து சுற்று. மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரத்தில் வந்தவருக்குப் புது சைக்கிள் பரிசு. கியர் சைக்கிள் கூடாது, சாதா சைக்கிள்தான்.

"இது காலேஜ் பிள்ளைகளுக்குத் தாயி" என்றார் காசிராஜன். "மதுரையிலேருந்து, தூத்துக்குடியிலேருந்து வருவாளுவ. நீ கேனைக் கட்டிக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும்."

"பொம்பளைங்கன்னுதான அண்ணாச்சி போட்டிருக்கு? காலேஜ்னு எங்கன போட்டிருக்கு?"

"போடலதான்."

"பிறகென்ன? கேனைக் கழட்டிட்டுப் போறேன். பம்பைத் தாங்க."

சேலையோடு ஓட்டக் கூடாது என்று விதி. கடையநல்லூர்க்காரர் மைதீன் பாட்சாவின் தையல்கடைக்குப் போனாள். அவர் பெண்களுக்கு அளவு எடுப்பதில்லை. பேச்சித்தாய் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"இதென்னம்மா, மாட்டுக்குத் தும்பா?"

"முத முடிச்சு இடுப்பு. அடுத்தது காலு. முட்டி மடங்கணும் பாய், பிடிக்கப்படாது."

"முப்பது வருசத்துல கயித்துக்கு பேண்ட் தைக்கது இதான் முத தடவை" என்று சொல்லிக்கொண்டே அவர் கயிற்றை அளந்தார். அந்த பேண்டும், மேலே துரைப்பாண்டியின் முழுக்கைச் சட்டையும்தான் பந்தய உடை.

முதல் நாள் அவள் நடுவில் வந்தாள். கும்பலாக ஓட்டுவது அவளுக்குப் புதிது. மற்றவர்கள் முன்னால் போகிறவளின் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு, அவள் முதுகில் காற்றை மறைத்துக்கொண்டு வந்தார்கள். மதுரைப் பெண் சகாயராணி அதில் கெட்டிக்காரி.

இரண்டாம் நாள் புளியங்குடிச் சாலை நேர் மேற்கே போனது. ஊரைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. கும்பல் தயங்கியது. யார் முன்னால் போவது என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பேச்சித்தாய்க்கு அது தினசரிக் காற்று. பின்னால் கேன்கூட இல்லை. அவள் தாழ்ந்து மிதித்தாள். கொஞ்ச தூரம் ஒட்டி வந்த சகாயராணியும் விட்டுவிட்டாள். எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டிக்காரர்கள் ஓரம் ஒதுங்கிக் கைதட்டினார்கள். ராஜபாளையம் சேர்ந்தபோது, கணக்கில் அவள்தான் முதலில் இருந்தாள்.

அன்று மாலை, எல்லாரும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், பந்தயம் நடத்தியவர் மறுநாளுக்கான விதியைச் சொன்னார். ரத வீதியில் கோயில் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லா முனையும் இடது திருப்பமாக வரும், எதிர்வண்டி தொந்தரவு இருக்காது. பாதை மாறியவர்கள், மாறிய இடத்துக்கே திரும்பிவந்து தொடர வேண்டும். பேச்சித்தாய் கேட்டுக்கொண்டாள். புரிந்தும் கொண்டாள்.

ஆனால் புரிவது தலை, திரும்புவது உடம்பு. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால், அம்மன் ஒற்றைக்காலில் நிற்கும் நோவைத் தாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்ள, நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று நேர்ந்துகொண்டு ஜனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம். பேச்சித்தாய் ஒரு வருஷமும் விட்டதில்லை.

மூன்றாம் நாள் ஊரை நெருங்கும்போது அவள் மறுபடி தனியாக முன்னால் வந்தாள். பின்னால் கும்பல் கண்ணுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி ஜீப் ஒரு மாட்டுவண்டியை ஒதுக்கப் போயிருந்தது. வடக்கு ரத வீதியில் சாலை வந்து முட்டுகிற முனையில் கொடிக்காரர் இல்லை, பூக்காரிகள் இருந்தார்கள். அவள் ஹேண்டிலை மேற்கே ஒடித்ததும் ஒருத்தி கத்தினாள்:

"ஏட்டி பேச்சி, அப்பிரதட்சணமா போற? வலமா போட்டி, வெளங்காமப் போயிருவ!"

ஹேண்டில் தானாகக் கிழக்கே திரும்பியது.

கீழ ரத வீதியையும் தெற்கு ரத வீதியையும் கடந்து, மேல ரத வீதியில் பாதி போயிருப்பாள். எதிரே மொத்தக் கும்பலும் வந்தது. முன்னால் சகாயராணி. ஒரு கணம் இருவர் கண்களும் சந்தித்தன.

"அக்கா, தப்பு!" என்று கத்திக்கொண்டே அவள் ஒதுங்கிப் போனாள்.

பேச்சித்தாய் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி, மறுபடி ஏறினாள். கும்பலின் வாலைப் பிடித்துக்கொண்டு முனைக்கு வந்தாள். மற்றவர்கள் அங்கே ஒரு சுற்றை முடித்தார்கள். அவளுக்குச் சுற்று அங்கேதான் தொடங்கியது. இனி எத்தனை வேகமாகப் போனாலும் ஒரு சுற்று கடன். அவள் கும்பலை விட்டு முன்னேறினாள். மற்றவர்களின் ஐந்தாவது சுற்று அவளுக்கு நான்காவது. அதில் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

கணக்குப் பார்த்தவர் நடந்ததைப் பார்க்கவில்லை. முனையில் போட்டிருந்த முடிவுக் கோட்டை அவள் தாண்டியதும், அவளுக்கும் ஐந்து சுற்று முடிந்தது என்று கொடியை இறக்கினார். வேட்டு வெடித்தது. ஜனம் வீதிக்குள் இறங்கியது. யாரோ மாலையோடு ஓடிவந்தார்.

"முடிஞ்சிட்டு தாயி, ஜெயிச்சிட்ட! எறங்கு!"

"எனக்கு ஒரு சுத்து பாக்கி இருக்கு" என்றாள் அவள்.

"கொடி போட்டாச்சேம்மா!"

"கொடி உங்க கணக்கு. வழிய விடுங்க."

ஆடிச்சுற்றில் சுற்றுக் கணக்கு அவரவர் கணக்கு. பக்கத்தில் வருகிறவள் எண்ணித் தரமாட்டாள். ஒன்று குறைந்தாலும் நேர்ச்சை நிறைவேறாது. பேச்சித்தாய் மணியை அடித்துக்கொண்டே போனாள். வீதி நிறைய ஆட்கள், ஐஸ் வண்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடுவில் நின்ற வேடிக்கைக்காரர்கள். "பந்தயம் முடிஞ்சும் ஓட்டுதாளே, கிறுக்கா?" என்று ஒருவர் சிரித்தார். மேல ரத வீதியில் ஒருவன் குறுக்கே வந்தான். பிரேக் பிடித்து, ஒற்றைக்கால் ஊன்றி, மறுபடி மிதித்தாள். தெற்கு ரத வீதி முனையில் காசிராஜன் நின்றிருந்தார். நடந்ததைப் பூக்காரிகளிடம் கேட்டறிந்திருந்த அவர், துண்டைச் சுழற்றிக்கொண்டு, "ஏலே ஒதுங்குங்கல, பாக்கிச் சுத்து வருது!" என்று அவளுக்கு முன்னால் ஓடினார்.

அவள் கோட்டில் வந்து நின்றாள். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். இரண்டாம் நாள் காற்றில் சம்பாதித்த நேரம் அந்த ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் போதவில்லை. சகாயராணி முதல், பேச்சித்தாய் இரண்டாவது. இரண்டாம் பரிசு எவர்சில்வர் குடம்.

"நீங்க இறங்கியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா" என்றாள் சகாயராணி.

"உனக்குத் தெரியுமே. எதுக்க வந்து பாத்தியே" என்றாள் பேச்சித்தாய். பிறகு புது சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். "சங்கிலி தொய்வா இருக்கு. ஏறுமுன்னால இறுக்கச் சொல்லு."

வலமாகப் போகச் சொல்லிக் கத்திய பூக்காரி அழுதாள். மாமனார், அம்மனே அவளை வலமாகத் திருப்பிவிட்டாள் என்றார். பேச்சித்தாய் ஒப்பவில்லை. "அம்மன் ஒண்ணும் திருப்பலை மாமா. நாந்தான் திருப்பினேன்."

ஆவணியில் சங்கரசுப்பு சைக்கிளோடு போனான். அவள் ஒருநாள் சாயங்காலப் பாலோடு பஸ் ஏறி டவுனுக்கு வந்து, ஊற்றி முடித்து, காசிராஜன் கடைக்குப் போனாள். வாடகை சைக்கிளை அவர் டவுன் எல்லையைத் தாண்ட விடமாட்டார். இரவு வெளியே வைக்கவும் விடமாட்டார். எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

"ராத்திரி உங்க சைக்கிளெல்லாம் என்ன செய்யும் அண்ணாச்சி?"

"என்ன செய்யும்? தூங்கும்."

"ஒண்ணை மட்டும் தூங்க விடாம எங்கிட்ட தாங்க. சாயங்காலப் பாலோட பஸ்ஸுல வாரேன். கடை அடைக்கும்போது எடுத்துட்டுப் போறேன். காலையில பாலை ஊத்திட்டு, நீங்க திறக்கும்போது இங்கன நிப்பாட்டிட்டு பஸ்ஸுல ஊருக்குப் போயிருதேன். உங்க பகல் வாடகை குறையாது."

"எனக்கு?"

"வீட்டுக்குப் பால்."

"தண்ணி ஊத்தாத பாலா?"

"அதைக் குடிச்சுட்டுக் கேளுங்க."

அவர் சைக்கிள் வரிசையைப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார். யாருக்கும் இதுவரை கொடுத்ததில்லை என்றார். பிறகு ஒன்றைத் தனியே உருட்டி வந்தார்.

"பிரேக்கு சுமாராத்தான் பிடிக்கும், பாத்துக்க."

"காலையில எதுக்காத்துதான அண்ணாச்சி" என்று அவள் கேரியரை அசைத்துப் பார்த்தாள். "இது ஆடுது. கேன் நிக்காது. ஸ்பேனரைத் தாங்க."