பிரேக்கில் ஏர் எடுத்த தடைக்காலம்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கடலூர் துறைமுகத்தில் எல்லாரும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் போட்டைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், சிலர் வலையைத் தைப்பார்கள், சிலர் இன்ஜினை இறக்கி வைத்திருப்பார்கள். அந்த வருஷம் நான் வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன். என் பெண்டாட்டிக்காக வாங்கியது. தடை முடிந்து முதல் மீன் வரும் காலையில் அவள் அதை ஓட்டிக்கொண்டு சிதம்பரம் போக வேண்டும் என்பது பேச்சு.

அவளுக்கு மீன் வியாபாரம். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, சிதம்பரம் மார்க்கெட்டில் விற்கிறாள். மீன் கூடையோடு போனால் பஸ்ஸில் முகத்தைச் சுளிப்பார்கள், ஏற்றவும் மாட்டார்கள். வாடகை வண்டிக்காரரோ தன் வண்டி நிறைகிறவரை கிளம்ப மாட்டார். இவள் போய்ச் சேர்வதற்குள் நல்ல மீன் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவாள். இதே கதை பல வருஷம் நடந்தது. ஒருநாள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

நீ ஓட்டினால் என்ன என்று என்னைக் கேட்பார்கள். நான் போட் இன்ஜின் மெக்கானிக். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அந்த வேலைக்குப் போனவன். போட்டுகள் கரைக்கு வருகிற நேரம்தான் எனக்கும் வேலை வருகிற நேரம், அவள் சிதம்பரம் கிளம்புகிற நேரமும் அதுதான். இது வெளியில் சொல்கிற காரணம். இன்னொன்றும் உண்டு. எனக்குப் பெரிய ரோட்டில் ஓட்டப் பயம். லைசென்ஸ் இருக்கிறது, பர்ஸில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வண்டி சேத்தியாத்தோப்புப் பக்கம் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தது. எந்த இடுக்கில் துணியை விட்டுத் துடைத்தாலும் சிவப்பாக வந்தது. இன்ஜினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஹீட்டர் பிளக்குகளை மாற்றினேன், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்து வாங்கினேன், டீசல் வரும் ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போட்டேன். முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. பின்தொட்டியின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்து வெல்டு அடித்து, மேலே அலுமினியத் தகடு பரப்பினேன். பக்கங்களில் தெர்மாகோல் வைத்து மூடினேன், ஐஸ் சீக்கிரம் கரையக் கூடாது என்று. மீன் தண்ணீர் ரோட்டில் சிந்தினால் பின்னால் வருகிற டூ வீலர்காரன் வழுக்கி விழுவான். அதனால் தரையின் மூலையில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, அடியில் ஒரு கேனில் இறங்கும்படி செய்தேன். ஒருவன் விழுந்துவிட்டதாகவே கனவு கண்டு, கேனை இன்னும் பெரிதாக மாற்றினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. சான்று வாங்க வண்டியை ஓட்டிப் போனது என் மச்சான். பெண்டாட்டியின் தம்பி. அவனும் ஏலத்தில் நிற்கிறவன்தான், வாய் மட்டும் ஜாஸ்தி. எஃப்.சி. கிடைத்தது. அதற்கப்புறம்தான் சீட்டில் கை வைத்தேன். என் பெண்டாட்டி உயரம் குறைவு. இருந்த சீட்டில் உட்கார்ந்தால் அவள் கால் கிளட்சுக்கு எட்டவில்லை, கண்ணாடி வழியாக வானம்தான் தெரிந்தது. சீட்டை முன்னால் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி, தரையில் புதுத் துளை போட்டு போல்ட் வைத்தேன். ஒரு நட்டு போதும் என்கிற இடத்தில் இரண்டு நட்டு. அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வண்டி. முன்ன இருந்தது வேற யாரோ ஊட்டு நாக்காலி" என்றாள்.

எல்லாம் முடிந்தது. பிரேக் மட்டும் முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை முடியவில்லை.

போட்டுக்குப் பிரேக் கிடையாது. இன்ஜினை நிறுத்தினால் தண்ணீரே போட்டை மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் கெட்டுப்போனாலும் மிதந்துகொண்டு கிடக்கலாம், யாராவது கயிறு போட்டு இழுத்து வருவார்கள். இத்தனை வருஷமும் நான் ஓடாததை ஓட வைத்துத்தான் பழகியிருக்கிறேன். ஓடுவதை நிறுத்துவது என்கிற வேலையே என் கைக்கு வந்ததில்லை. ஒரு மிதியை மிதித்தால், மெல்லிசுக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் போய், நாலு சக்கரத்தையும் பிடித்து நிறுத்திவிடும் என்பதை நான் படித்துக்கொண்டேன், செய்தும் முடித்தேன், ஆனால் நம்பவில்லை. பிரேக் ஷூ மாற்றினேன். சக்கரத்துக்குள் இருக்கிற சிலிண்டர்களை மாற்றினேன். குழாய்களை மாற்றினேன். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்று போய்விடும். காற்று இருந்தால் மிதி பஞ்சு மாதிரி இறங்கும். அந்தக் காற்றை வெளியே விடுவதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

மிச்சத் தடைக்காலம் முழுக்க நான் அடியில் கிடந்தேன், அவள் மேலே இருந்தாள்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"புடிச்சிக்க. வுட்டுடாத."

"புடிச்சிக்கிட்டுதான் இருக்கறேன். நீ தெற."

"எறங்குச்சா?"

"எறங்குச்சி."

"மூடிட்டேன். இப்ப வுடு."

நடுவில் சிதம்பரத்திலிருந்து யாராவது ஓட்டல்காரர் போன் பண்ணுவார். கால் மிதியில் இருக்க, தடை முடிந்து வரப்போகும் வஞ்சிரத்துக்கு அவள் விலை பேசுவாள். நான் அடியிலிருந்து கத்துவேன். அவள் போனைப் பொத்திக்கொண்டு, "செத்த சும்மா இரு மாமா, அவுங்க நூறு ரூவா கொறைக்கிறாங்க" என்பாள். அவள் என் மாமன் மகள். ஒரே தெரு. சின்ன வயதிலிருந்தே அவள் வாயில் எனக்கு மாமாவும் உண்டு, நீயும் உண்டு.

வாரத்துக்கு ஒரு தடவையாவது சக்கரத்தைக் கழற்றினேன். சேஸுக்கு அடியில் ஹாலோ பிளாக் கல்லைக் கொடுத்து வண்டியை நிறுத்தியிருப்பேன். மச்சான் வரும்போதெல்லாம் கல்லைப் பார்ப்பான்.

"மச்சான், தடை போட்டுக்கு மட்டுந்தான? வண்டிக்கும் போட்டுட்டாங்களா?"

"பிரேக் விஷயம்டா."

"சரி சரி. எங்கக்கா ஓட்டிக்கிட்டுப் போவப் போறா, நீ தள்ளிக்கிட்டுப் போவப் போறதில்ல. பாத்துக்க."

தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, தெருவில் இன்னும் மூன்று பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். கூடைகளை இவள் வண்டியில் ஏற்றிவிட்டு, அவர்களில் மூத்தவளான பெரிய அத்தை மட்டும் முன் சீட்டில் வருவாள், மற்ற இருவரும் பஸ்ஸில் வருவார்கள் என்று ஏற்பாடு. வாடகை வண்டிக்காரரிடம் போய் நாலு பேருமாக, இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் சிரித்தாராம். "போயிட்டு வாங்க, பாக்கலாம்" என்றாராம். அதைக் கேட்டதும் நான் போய் இன்னொரு தடவை பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்த்தேன்.

முதல் மீன் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பின் சக்கரத்தின் உள்பக்கத் தகட்டில் ஈரம் பார்த்தேன்.

விரலால் தொட்டேன். மோந்து பார்த்தேன். காலையில் அவள் தொட்டியைக் கழுவிவிட்டிருந்தாள், அந்தத் தண்ணீராக இருக்கலாம். பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். வழவழப்பு தெரிகிறதா என்று விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சந்தேகம்தான் கூடியது, என் விரலில் எப்போதும் ஏதாவது ஒரு ஆயில் இருக்கும். போய் ஜாக்கியை எடுத்து வந்தேன்.

அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே மச்சானும் வந்தான்.

"என்னா பண்ற?"

"வீலக் கழட்டணும். ஈரமா இருக்குது."

"காலையில நான்தான கழுவுனேன்?"

"ஆயிலா இருந்தா என்னா பண்றது? சிலிண்டரு ஒழுகுதுன்னா இப்ப கடையும் இருக்காது. நாளைக்கு ஒரு நாளு வாடகை வண்டியில போயிடேன்."

"எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போறது? என்ன நம்பி அந்த மூணு பேரும் வரலன்னு சொல்லிட்டு வந்துருக்காளுவ."

"ஒரு நாளுதான சொல்றேன்."

"போன வாரமும் ஒரு நாளுன்னுதான் சொன்ன."

அவள் குரலை உயர்த்தவில்லை. வண்டியில் ஏறினாள், ஸ்டார்ட் பண்ணினாள், மிதித்தாள். பிறகு இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வா. நீயே மிதிச்சிப் பாரு."

ஏறினேன். ஏறினேன் என்று சொல்ல முடியாது. முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. காலைத் தூக்கி மிதிமேல் வைக்க இடமில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை மட்டும் நுழைத்துப் பார்த்தேன். குதிகால்தான் பட்டது. சீட்டை அவளுக்காகத் தள்ளிய நாளிலிருந்து நான் அந்த மிதியை மிதித்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அடியில் படுத்துக்கொண்டு, எறங்குச்சா, நின்னுச்சா என்று அவளிடம் கேட்டுத்தான் வேலை பார்த்திருக்கிறேன். மச்சான் சிரிக்க ஆரம்பித்து, அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

இறங்கினேன். "மிதி எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு வெரக்கட சும்மா போவுது. அப்பறம் கல்லாட்டம் நிக்குது. அன்னிக்கு நீ நிப்பிள சரியா மூடாம வுட்டியே, அன்னிக்கு நிக்காம எறங்கிக்கிட்டே போச்சி. நான்தான சொன்னேன்?"

அவள்தான் சொன்னாள். நான் மூடிவிட்டதாகச் சத்தியம் பண்ணினேன். பார்த்தால் மூடவில்லை.

"நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்றாள். "வர்ற வரைக்கும் மிதிச்சிக்கிட்டே இருக்கறேன். ஒழுகுதுன்னா எறங்கும்ல? எறங்கினா கழட்டு. எறங்கலன்னா அந்த ஜாக்கிய உள்ள கொண்டுபோயி வை."

சரியான சோதனைதான். நானே சொல்லியிருக்க வேண்டியது. மச்சானும் நானும் முனைக் கடைக்குப் போனோம். டீ சூடாக இருந்தது. நான் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "முழுசாக் குடி மச்சான். பாதி டீயில போயிட்டன்னா அதையும் ஒரு சந்தேகம்னு சொல்லுவ." முழுசாகக் குடித்தேன். அவன் இன்னொரு டீயும் ஒரு பஜ்ஜியும் சொன்னான். வேண்டுமென்றேதான்.

திரும்பி வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெரிய அத்தை கதவோரம் நின்று, காலையில் எத்தனை ஐஸ் பார் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"எறங்கல" என்றாள் என் பெண்டாட்டி.

"கொஞ்சங்கூடவா?"

"எறங்கல மாமா."

அவள் சொன்னதை அளந்து பார்க்க எனக்கு வழியில்லை. என்னால் உட்கார முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். நம்ப வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். தகட்டை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது போலத்தான் இருந்தது. ஜாக்கியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் துறைமுகத்தில் கூடைகளை ஏற்றினோம். சங்கரா, நெத்திலி, கொஞ்சம் இறால். மேலே ஐஸை உடைத்துக் கொட்டினோம். பெரிய அத்தை முன்சீட்டில் ஏறி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் பெண்டாட்டி என்னைப் பார்த்து, "ஓட்டும்போது போன் பண்ணாத" என்று மட்டும் சொன்னாள். கிளம்பினாள். வாடகை வண்டி அப்போதும் நின்றுகொண்டிருந்தது, பாதிதான் நிறைந்திருந்தது.

வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன், ஆயில் சொட்டியிருக்கிறதா என்று. ஐஸ் தண்ணீரும் செதிலுமாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு போட்டில் ஏறி டீசல் பம்பைப் பிரித்தேன். இப்போது ஆலப்பாக்கம் தாண்டியிருப்பாள், இப்போது புதுச்சத்திரம், அங்கே ரோட்டின் குறுக்கே பிள்ளைகள் வருவார்கள், இப்போது முட்லூர் என்று மனசு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கை பம்பைப் பார்த்துக்கொண்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் என் மனசு வெகுநேரம் நின்றது. அந்த நேரத்தில்தான் போன் வந்தது. பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"வந்து சேந்துட்டேன். அப்பறம் பேசறேன், ஆளுங்க நிக்கறாங்க."

மத்தியானம் வந்தாள். கூடைகள் காலி. முட்லூரில் ஒரு டூ வீலர்காரன் திடீரென்று குறுக்கே வந்தானாம். மிதித்ததும் வண்டி அந்த இடத்திலேயே நின்றதாம். பெரிய அத்தைக்கு நெற்றியில் லேசாக வீக்கம். பின்னால் கூடைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக முன்னுக்கு வந்து, இவள் சங்கராவும் அத்தையின் நெத்திலியும் கலந்துவிட்டன. மார்க்கெட்டில் இறக்கிப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

"பிரேக்கு ரொம்ப நல்லா புடிக்குது" என்றாள். "கூடதான் நிக்கல. தொட்டியில குறுக்க ரெண்டு கம்பி போட்டுக் குடு."

நான் உடனே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியின் அகலத்தை அளந்தேன். கம்பி வைக்க வேண்டுமென்றால் அலுமினியத் தகட்டைக் கொஞ்சம் தூக்க வேண்டும், அப்படியே அடியில் வெல்டு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம்.

"இப்ப இல்ல" என்றாள், உள்ளே சாப்பிட்டுக்கொண்டே. "வெள்ளிக்கெழம. அன்னிக்குதான் யாவாரம் கம்மி. அதுவரைக்கும் நான் கயிறு கட்டிக்கிறேன். நடுவுல எதையும் கழட்டாத."

வெள்ளிக்கிழமைதான் கம்பி போட்டேன்.