தரையோடு ஒரு ரூட்டர் மேசை

கனடாவில் எல்லா வேலையையும் நின்றுகொண்டேதான் செய்கிறார்கள். வெங்காயம் நறுக்க நிற்கிறார்கள், மரம் இழைக்கவும் நிற்கிறார்கள். வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது ஒத்துவரவில்லை. கதவு ஓரங்களில் வளைவு வெட்டுகிற ரூட்டர் மிஷினைத் தலைகீழாகப் பொருத்த ஒரு மேசை வாங்கப் போனேன். ஒரு அடி உயரத்தில் வேண்டும் என்றதும் கடைக்காரர் கனிவாகக் கேட்டார், "குழந்தைக்கு என்ன வயது?" நாற்பத்திரண்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சரி, நானே செய்துகொள்கிறேன் என்று பிளைவுட் வாங்கி வந்தேன். செஞ்சியில் எங்கள் பட்டறையில் பதினைந்து வருடம் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, தம்பி ஏழுமலைக்குச் சமமாகக் கதவு செய்தவள் நான். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்று அவலூர்பேட்டையிலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள். கதவைப் பார்த்த பிறகு கேட்க மாட்டார்கள்.

இங்கே கிடங்கில் பெட்டி அடுக்கியே இடுப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டு பிரெண்டா தன் சமையலறை அலமாரிக்கு ஆறு கதவு கேட்டிருந்தார். அவை நன்றாக அமைந்தால் கிடங்கை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கலாம். அமையாவிட்டால்? "ஒத்து வரலன்னா வந்துடுக்கா, உன் எடம் அப்டியே இருக்குது" என்று ஏழுமலை போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மேசை ஜோராக அமைந்தது. சப்பணமிட்டு உட்கார்ந்து முதல் கட்டையை வைத்ததும், என் இடது கால் தானாக எழுந்து அதை மிதித்தது. ஊர்ப் பழக்கம். பட்டறையில் மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு மிஷினை நகர்த்துவோம். இந்த மேசையில் மிஷின் அசையாது, மரம்தான் நகர வேண்டும். கட்டை துள்ளிப் போய்ச் சுவரில் மோதியது. கால் பெருவிரல் நகத்தின் நுனியைக் காணோம். நல்லவேளை, விரல் இருந்தது. மிஷினை அணைத்தேன்.

"பேசாம மேசைய உயரமாக்கிடு" என்றார் கணவர்.

"தப்பு மேசையில இல்ல, என் கால்ல."

பாதங்களை உடம்புக்கு அடியில் மடக்கி அமர்ந்தேன். கால் இனி வெளியே வர வழியில்லை. ஒரு வாரம் வீண் கட்டைகளைத் தள்ளிப் பழகிவிட்டு, ஆறு கதவையும் முடித்தேன்.

பிரெண்டா ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். கார் நிறுத்தும் கராஜில் போட்டிருந்த மேசையைக் காட்டினேன். ஏதோ பூஜை இடம் என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கராஜுக்குள் வந்தார். தன் தங்கை வீட்டுக்கு எட்டுக் கதவு சொன்னார். மறுவாரமே கிடங்கில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"இனிமே நான் வரலடா. என் எடத்துல புது மிஷின் போட்டுக்கோ."

"போன வருசமே போட்டுட்டேன்க்கா. நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல."

திட்டினேன். இருவரும் சிரித்தோம். போனை வைத்ததும் கராஜ் தரையில் மேசை முன்னால் உட்கார்ந்து அழுதேன். கிடங்கை விடும் தைரியம் எனக்கு வந்ததே அந்த ஜன்னலோரத்தை நம்பித்தான். அது அங்கே இல்லவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து எழுந்தேன். சுற்றிலும் மரத்தூள், தினமும் நான் உட்காரும் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.