வெறுங்கொட்டை வைரஸ்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில், தரப் பரிசோதனை வேலைக்கு நான் சேர்ந்த புதிது. பழம் வெட்டும் பெண்களிடையே வாந்திபேதி பரவியது. இன்னும் சிலர் படுத்தால் ஆலையை மூட வேண்டியதுதான். அவர்களோ கொரோனா காலத்துப் பழக்கத்தில் கையில் சானிடைசரைத் தடவிக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற மிடுக்கோடு, வைரஸ் படங்களைத் திரையில் காட்டி விளக்கினேன். பழம் வெட்டுபவர்களில் மூத்தவரான முனியம்மாக்கா கொட்டாவி விட்டார்.

"ஏன் கண்ணு, கொரோனாவே சானிடைசருக்குச் செத்துச்சு. இந்த வாந்தி வைரஸ் சாவாதா?"

சட்டென்று ஒரு மாம்பழத்தைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, வைரஸுக்கு நடுவுல பருப்பு, சுத்தி கொட்டை ஓடு. கொரோனாவுக்கு ஓட்டு மேல கொழுப்புல சதை மாதிரி ஒண்ணு இருக்கு. சானிடைசர் பட்டா அது கரைஞ்சு, வைரஸ் செத்துரும். வாந்தி வைரஸ் வெறுங்கொட்டை. சானிடைசருக்கு லேசுல அசையாது. சோப்புப் போட்டுத் தேய்ச்சு, தண்ணியில கழுவித் தள்ளணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சினிமா காட்டிட்டு நிக்கற!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் குழாயடியில் வரிசை நின்றது. வேப்பனப்பள்ளியிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்த தெலுங்குப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கொட்டைக் கதையைத் தெலுங்கில் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார் முனியம்மாக்கா. அந்த வாரத்தோடு வாந்திபேதி அடங்கியது.

எனக்குத் தெலுங்கு அரைகுறைதான். நான் படித்த பாடம் என்னைத் தாண்டி அந்த மொழியில் நடப்பதைக் கேட்டபோது, படித்தது வீண்போகவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது.