தூக்கத்திலும் கட்சி வேலை

பிரெஞ்சு மொழி இன்றைக்கு உலகத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதே மதாம் ஸோலான்ஷின் பசை வாளியால்தான். பாரிஸ்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்த இரும்புக் கோபுரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வாளி சைக்கிள் கைப்பிடியில் ஆடும். மூடுபனிக்குள் முதலில் அந்த ஆட்டம் கேட்கும், அப்புறம் பசை மணக்கும், கடைசியில்தான் ஸோலான்ஷ் தெரிவார். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கான கட்சியின் சுவரொட்டியைச் சுவரில் வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுவார். நீவிக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடும். பார்த்தால், தலைவரின் படத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அவரிடம் இது ஒன்றுதான் கோளாறு. எங்கே நின்றாலும் தூங்குவார். தூங்கினால் பேசுவார்.

பிழைப்பு இஸ்திரிக் கடை. நாள் முழுக்க ஆவிக்குள் நிற்கிறவர், மேகத்துக்குள் குடியிருப்பவர் மாதிரி. கட்சிக்காரர் சட்டை, எதிர்க்கட்சிக்காரர் சட்டை, எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும். பிளெமிஷ் மொழிக்காரர் கட்சியின் ஸ்டாய்க் சட்டைக்கு மட்டும் காலரில் கஞ்சி கூடுதல். "கழுத்து கொஞ்சம் உறுத்தட்டுமே. நம்ம ஞாபகம் வரும்ல!" என்பார்.

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸை ஒட்டி இருந்தாலும் எங்கள் ஊர் பிளெமிஷ் மொழிக்காரர் மண். பிரெஞ்சில் வரிச்சீட்டு வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். போன தடவை கேட்டது இந்தத் தடவைக்கு ஆகாது. ஸோலான்ஷ் சளைக்காமல் ஊர்ச்சபை அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார். அங்கே உட்கார்ந்திருப்பவர் அவருடைய சொந்தச் சித்தி மகன். சீட்டை முதலிலேயே எடுத்து மேசைமேல் தயாராக வைத்திருப்பார்.

"வாயத் தொறந்து கேளுக்கா. கேட்டாத்தான் குடுக்க முடியும்."

"அதான் கண்ணு முன்னாடி இருக்கேடா!"

"இருக்கு. ஆனா நீ இன்னும் கேக்கலயே."

கேட்பார். வாங்குவார். அங்கேயே நாற்காலியில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்.

கட்சிச் சுவரொட்டிகளுக்கு மீசை வைப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியும். பிளெமிஷ் வீட்டுப் பையன், பள்ளிக்கூடமும் வெளியே அனுப்பிய பையன், வேறு யார் வைப்பார்கள்? பிடித்து நிறுத்தி ஒருநாள் சொன்னார்: "டேய் லோவி, இடது மீசை கோணியிருக்கு. எங்க தலைவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே நீளமா வைடா. நம்ம கட்சி எதைக் கேக்குது? சமத்துவம்!"

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் பிரெஞ்சுப் புத்தக அறை ஒன்று இருக்கிறது. புதன்கிழமை மதியம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். ஸோலான்ஷ் கதை படிப்பார். பாதிக் கதையில் அவர் தூங்கிவிட, மீதியைப் பிள்ளைகள் அவர் காதில் ரகசியமாகச் சொல்லி முடிப்பார்கள். கீழே வண்டி கழுவும் தண்ணீர்ச் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அறையை மூடிவிட வேண்டும் என்பது ஸ்டாய்க் கட்சியின் ஆசை. வைத்துக்கொள்வதா மூடுவதா என்று இந்த ஜூன் மாதம், ஸோலான்ஷும் உறுப்பினராக இருக்கிற ஊர்ச்சபையில் ஓட்டுக்கு வந்தது.

சபைக்குள் பிளெமிஷ் மட்டும்தான் பேசலாம். பிரெஞ்சில் ஒரு வார்த்தை விழுந்தாலும் ஸ்டாய்க் அரசாங்கத்திடம் புகார் கொடுத்துத் தீர்மானத்தை ரத்து செய்ய வைப்பார். முன்பே ஒன்றை அப்படித் தீர்த்துக்கட்டியிருக்கிறார். அதனால் பிரெஞ்சுக்காக நிற்கிற கட்சி உறுப்பினர்கள் அத்தனை பேரும் அங்கே சுத்தமான பிளெமிஷில்தான் பிரெஞ்சுக்காக வாதாடுவார்கள்.

ஓட்டெடுப்பு அன்று சபை ஜன்னல் வழியே லிண்டன் பூ வாசனை வந்தது. சாயங்கால வெயில் மேசைமேல் தேன் சிந்தியது மாதிரி கிடந்தது. ஸ்டாய்க் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஸோலான்ஷின் தலை மெதுவாகச் சாய்ந்தது. கட்சித் தலைவர் மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

பொதுமக்கள் பெஞ்சில், அவருக்கு நேர் பின்னால் நான். உதடு அசைந்து ஏதோ முணுமுணுப்பு வந்தது. ஸ்டாய்க் பேச்சை நிறுத்திக் காதில் கையை வைத்தார். "எழுதுறவர் கவனிங்க. தூக்கத்துல பேசினாலும் பேச்சு பேச்சுதான்" என்றார்.

ஸோலான்ஷ் மூச்சை நன்றாக இழுத்தார். அடுத்தது உரக்க வரப்போகிறது. என் பையில் இருந்த கோலிக்குண்டு அத்தனையும் மரத்தரையில் கொட்டின.

இடி இடித்த மாதிரி இருந்தது. சேவகர் ஒரு குண்டை மிதித்துச் சறுக்கி ஸ்டாய்க்கின் மடியில் போய் உட்கார்ந்தார். ஸோலான்ஷ் திடுக்கிட்டு எழுந்து, கையைத் தூக்கி, அப்பழுக்கில்லாத பிளெமிஷில், "நான் ஆதரவு!" என்றார். ஒரே ஒரு ஓட்டில் அறை பிழைத்தது. என் காலரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஸோலான்ஷ் படியிறங்கி வந்து, லிண்டன் மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்டா கொட்டின?"

"உங்க கூட்டத்தக் கெடுக்கத்தான், மதாம். வேறெதுக்கு?"

"சரிதான். நான் தூக்கத்துல பேசினேனாமே. கேட்டியா?"

"என்னமோ பிரெஞ்சு. எனக்கு எங்க புரியுது!"

"ம்... இஸ்திரிக் கணக்கு ஏதாவது உளறியிருப்பேன்."

"இஸ்திரியா? கரடிக்குட்டி தொப்பியத் தேடிக்கிட்டு ஆத்துக்குப் போற இடம் மதாம் அது! இன்னும் ஒரு வரிதான், தொப்பி கெடச்சிருக்கும்..."

வாயை மூடிக்கொண்டேன். மூடி என்ன பயன்?

ஸோலான்ஷ் சிரிக்கவில்லை. படியில் ஸ்டாய்க் காலரைத் தளர்த்திக்கொண்டே இறங்கி வந்துகொண்டிருந்தார். ஸோலான்ஷ் என் முகத்தைப் பார்த்தபடியே ஒற்றை விரலைத் தன் உதட்டின்மேல் வைத்தார்.