ராகுகாலத்துக்கு முன் ஒரு எஞ்சின்

நான் வேலை செய்த பாக்டரியை மூடிவிட்டார்கள். வேலை போய், ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகுதான் அந்தக் காரை வாங்கினேன். பக்கத்து ஊரான விட்பியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்றார். கிட் கார் என்பார்கள். உடம்பு வேறு, அடிச்சட்டம் வேறு என்று பெட்டிகளில் வரும், வீட்டில் வைத்து நாமே பூட்ட வேண்டும். கிழவர் பாதி பூட்டி, அதையும் பிழையாகப் பூட்டி, அலுத்துப்போய் விட்டிருந்தார். அந்த அலுப்பும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸில் ஒரு கார்தான் கராஜுக்குள் நிற்கும். இது உள்ளே போனதும் மனைவியின் கார் வெளியே வந்தது. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வின்ரரில் விடியவே எழும்பி, கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிவிட்டுத்தான் வெளிக்கிடுவாள். போன கோடையில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஸ்னோ விழ முதல் உது ஓடினா வைச்சிருங்கோ. ஓடாட்டி வித்துப்போட்டு கராஜை எனக்குத் தாங்கோ."

"ஓம், ஓட வைப்பன்" என்றேன். பெரிய வீரன்!

கிழவர் எல்லா வயரையும் ஒரே சிவப்பில் இழுத்திருந்தார். எது லைட்டுக்கு, எது ஹோர்னுக்கு என்று கடவுளுக்கும் தெரியாது. மொத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தேன். பழைய பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் போட்டேன். பைபர்கிளாஸ் உடம்பைத் தேய்த்தால் தூசி தோலுக்குள் இறங்கிக் கடிக்கும். என் உடுப்பை மனைவி தன்னுடையதோடு சேர்த்துத் தோய்க்க மாட்டாள். மகள் வந்து பார்த்து, "அப்பா, சீரியஸ்லி, இட் லுக்ஸ் லைக் அ பாத் டப்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோள் நொந்தது, முழங்கால் நொந்தது, நித்திரையிலும் நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடைசியாக எஞ்சினைப் பிரித்து, புது பெயரிங் போட்டுப் பூட்டி முடிக்க இலை எல்லாம் கொட்டிவிட்டது.

முதல் தரம் ஸ்டார்ட் பண்ணுவதற்கு மனைவி கலண்டர் பார்த்து ஒரு சனிக்கிழமை காலையைக் குறித்தாள். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். கையில் தேங்காயும் கற்பூரமுமாக வந்து நின்றாள். பிரித்துப் பூட்டிய எஞ்சினை உடனே ஓடவிடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் எல்லா இடமும் ஏறும்வரை வெறுமனே சுற்றவிட வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று பற்றரி வயர் ஒன்று தொடுபடாமல் நேரத்தைத் தின்றுவிட்டது.

"கெதியாச் செய்யுங்கோ, ராகுகாலம் துவங்கப்போகுது!"

"பொறுமப்பா, இன்னும் ஒயில் ஏறேல்லை."

"உதை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு ஏத்தலாம்தானே?"

நான் கலண்டரை நம்பாத ஆள் என்று நினைத்திருந்தேன். ஆனால் இவ்வளவு பாடுபட்ட பிறகு ராகுகாலத்தில் தொடங்க எனக்கும் மனம் வரவில்லை. திறப்பைத் திருகினேன். தேங்காய் உடைந்தது. எஞ்சின் பிடித்து உறுமியது. ஐயோ, என்ன சத்தம்! மனைவி கைகொட்டினாள். ஒயில் ஏறுகிறதா என்று காட்டும் முள் மட்டும் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. நான் கவனித்து நிறுத்துவதற்குள் உள்ளே டக் டக் என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. புது பெயரிங் போய்விட்டது.

சீட்டில் அப்படியே இருந்தேன். அடுத்த கிழமை ஸ்னோ என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

"வித்துப்போடுவம். இனி என்னால ஏலாது" என்றேன். சொன்ன உடனே பெரிய நிம்மதி வந்தது. உள்ளே போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது.

அவள் குனிந்து தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கினாள்.

"விக்க வேண்டாம்."

"ஏன்? நீர்தானே கராஜைக் கேட்டனீர்?"

"கேட்டனான்தான். இதுக்குள்ள நிண்டா நீங்கள் காரோட சண்டை பிடிப்பியள். உள்ளுக்க வந்தா என்னோடதானே பிடிப்பியள்? வேலை போன அந்த ஒரு வருசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஐஸ் சுரண்டுறது அதைவிட லேசு."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்குப் பின்னால் போக எனக்குக் கால் வரவில்லை. ஒயில் வடிக்கும் தட்டை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போய்ப் படுத்தேன்.