எக்செலில் வரைந்த லயம்

எக்செல் என்பது கணக்குப் பார்ப்பதற்கான மென்பொருள் என்று ஒரு தவறான நம்பிக்கை நாடெங்கும் நிலவுகிறது. மிகுந்த வருத்தத்துடன் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. எக்செல் படம் வரைவதற்கானது. ஓய்வு நேரத்தில் கூட்டவும் செய்யும். ஹட்டனில் போட்டோ கொப்பிக் கடை நடத்தும் நான் மட்டுமல்ல, வேறெதையும் கற்றுக்கொள்ளாமல் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்ட நீங்களும் இதற்குச் சாட்சி.

சாய்ந்த சுவர்

நெடுவரிசைகளைச் சுருக்கிச் சதுரமாக்கினால் ஒரு கட்டம் ஓர் அடி. பெரியசாமி அண்ணன் சமைக்கக் கட்டவிருந்த குசினியை அப்படித்தான் வரைந்தேன். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு கோணலாக இருப்பதால் பின்சுவரும் கோணல். கோட்டைத் தனியாக இழுத்துப் போடலாம்தான். ஆனால் கட்டத்தை நிரப்பியே வரைவது என் கொள்கை. எனவே சுவர் அடிக்கு ஒரு படியாக இறங்கியது. மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இப்புடியே கட்டிப்புடுவோம் தம்பி. டின்னு, போத்தலு எல்லாம் வைக்க எடமாச்சு."

சி9

ராணி அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் மகள் கவிதா தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் வரை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்தில் இருக்கும் இன்னொரு கவிதாவின் வீட்டுக்குப் போய், திகதி முடிந்த பிறகுதான் இவள் கைக்குக் கிடைத்தது. மறுபடி விண்ணப்பம் நிரப்ப இருவரும் கடைக்கு வந்தார்கள். வயது வரம்பால் இதுதான் கடைசித் தடவை. விலாசம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரைத் தவிர எழுத ஒன்றுமில்லை. அறைகளுக்கு இலக்கமே கிடையாது.

ஆபீஸில் ஒட்டிவைக்க, லயத்தைப் படமாக வரைந்து தரச் சொன்னார் அக்கா. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு அறை. எக்செலுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் உலகில் இல்லை. நாலு நிமிடத்தில் முடிந்தது. திரையின் மேலிருந்த எழுத்தையும் ஓரத்து இலக்கத்தையும் அக்கா விரலால் தொட்டுக் கேட்டார். அது கட்டத்தின் பெயர், உங்கள் அறை சி9, ஆனால் அச்சில் வராது என்றேன்.

"ஏன் வராது? இத்தன வருசத்துல இப்பதான் எங்களுக்கு ஒரு நம்பரு வந்திருக்கு. அடிங்க தம்பி!"

புது மாப்பிள்ளை

அடித்தேன். விண்ணப்பத்தில் சி9 ஏறியது, படம் ஆபீஸ் சுவரில் ஏறியது, லயத்துக் கதவுகளில் பெயின்டால் எண் ஏறியது. இரண்டு வாரம் கழித்து சி5-இலிருந்து ரமேஷ் வந்தான். கல்யாணமாகி, அப்பாவின் அறைக்கு முன்னால் திண்ணையாக இருந்த இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்துத் தனிக்குடித்தனம். அவனுக்கும் ஒரு கட்டம் வேண்டுமாம்.

நடுவில் ஒரு வரிசையை நுழைத்தால் கீழே உள்ளவர்கள் எல்லோரும் ஓர் எண் நகர்ந்துவிடுவார்கள். சி9 சி10 ஆகிவிடும். கவிதாவின் கடிதமோ எந்த நாளும் வரலாம். எக்செலில் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கலாம், ஒன்றை இரண்டாக்க முடியாது. லயத்தில் நிலைமை நேர் எதிர். கடைசியில் ரமேஷை டி5-இல் வைத்தேன். அங்கே நான் முன்பே நீல நிறத்தில் கழிவுநீர்க் கான் ஓடவிட்டிருந்தேன்.

"அண்ணே, பொண்டாட்டிக்கு என்னா பதில் சொல்றது? எங்கள கானுல எறக்கிட்டீங்களே!"

கண்டியில்

நேர்முகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது கடிதம் சி9 கதவுக்கு வந்தது. கண்டிக்குப் போய்த் திரும்பிய கவிதா பஸ்ஸை விட்டிறங்கி நேரே கடைக்கு வந்தாள். கேள்விகள் சுலபமாம். விலாசத்தைப் பார்த்த அதிகாரி மட்டும் நிமிர்ந்து, இது தொடர்மாடி வீடா என்று விசாரித்தாராம். நீ என்ன சொன்னாய் என்றேன்.

"'ஆமாங்க, மாடி மட்டும் இன்னும் கட்டல'ன்னேண்ணே. தலையாட்டி எழுதிக்கிட்டாங்க."

தெரிவுக் கடிதம் 'சி9, தொடர்மாடி' என்ற விலாசத்துக்கு, ஒரு நாளும் பிந்தாமல் வந்து சேர்ந்தது.