வேம்படி வைரவர் வந்த விதம்

எங்கள் ஊர் வேம்படி வைரவர் ஆதிகாலத்தவர் அல்லர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்க, அவரை அங்கே நட்டவன் நான். ஒரு மனிதருக்குப் பியர் விற்கும் அனுமதிப்பத்திரம் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே நட்டேன். வைரவர் எங்கள் பாட்டன் காலந்தொட்டு அங்கே இருக்கிறார் என்று பிறகு அரசாங்கத்துக்கு எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

எங்கள் ஊர் புத்தூருக்கு அங்கால், பருத்தித்துறை வீதியோரம் இருக்கிறது. நான் தமிழ் படிப்பித்து அதிபராக இளைப்பாறியவன். சனசமூக நிலையத்தின் தலைவராகவும் இருந்தேன். ஊரிலிருந்து அரசாங்கத்துக்கு எந்த மகஜர் போவதென்றாலும் என் கையால்தான் எழுதப்படும். வசனம் சுத்தமாக இருக்கும் என்பார்கள். அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் துணைபோனது.

அனுமதி கேட்டவர் எங்கள் ஊரவர்தான். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அந்த நாளில் நான் அவரை ‘அவன்’ என்றுதான் சொன்னேன், முகத்துக்கு நேரே ‘நீ’ என்றேன். அவருடைய தகப்பன் எங்கள் காணிப் பனைகளில் கள்ளுச் சீவியவர். பின்வேலியில் விட்டிருந்த பொட்டு இடைவெளிக்கு அங்கால் நின்று கள்ளு முட்டியை நீட்டுவார். என் தகப்பனார் இங்கால் நின்று வாங்குவார். வேலி தாண்டி அவர் வந்ததை நான் கண்டதில்லை.

மகன் கட்டாருக்குப் போய், அங்கே தோல் கறுக்க உழைத்துத் திரும்பினார். வீதியோரத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கி, இரும்புக் கதவுகள் வைத்த கடையொன்றைக் கட்டினார். போத்தலில் அடைத்த பியரைச் சில்லறையாக விற்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். உழைத்ததெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் போய்விட்டது, அனுமதி கிடைக்காவிட்டால் குடும்பம் நடுத்தெருவில்தான் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

மகஜரில் நான் இளைஞர் சீரழிவு, குடும்பப் பெண்களின் கண்ணீர், சைவப் பண்பாடு என்றெல்லாம் எழுதினேன். ஒரு வரியையும் நான் நம்பவில்லை. கனடாவிலிருந்து மைத்துனர் வரும்போதெல்லாம் கொண்டுவரும் விஸ்கி என் அலுமாரியில் இருந்தது. குடி எனக்குப் பகையில்லை. அவர் மின்விசிறிக்குக் கீழே கல்லாவில் இருக்க, நாங்கள் வெளியில் நின்று கைநீட்டி வாங்க வேண்டிவரும். என்னால் பொறுக்க முடியாமற்போனது அந்தப் படம்தான்.

மகஜர் மட்டும் போதாது என்று ஊரின் அரசாங்க அலுவலரான விதானையார் சொன்னார். பாடசாலைக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ குறிப்பிட்ட தூரத்துக்குள் மதுபானக் கடை வரக் கூடாது என்பது சட்டம். எங்கள் பாடசாலையும் பிள்ளையார் கோயிலும் அந்தத் தூரத்துக்கு அப்பால் இருந்தன. அந்த மனிதர் விதியை நன்றாகப் படித்து, அளந்து பார்த்துத்தான் காணியே வாங்கியிருந்தார். ஆனால் கடைக்குக் கிட்ட, வீதிக்கு மறுபக்கத்தில் ஒரு வேம்பு நின்றது.

யாழ்ப்பாணத்தில் மரத்தடியில் ஒரு சூலம் நின்றால் அது காவல்தெய்வம் வைரவர். யார் நட்டது, எப்போது நட்டது என்று எவரும் கேட்க மாட்டார்கள். கேட்கப் பயம். எங்கள் தோட்டக் கிணற்றடியில் முன்பு நின்ற இரும்புச் சூலம், பித்தளைச் சூலம் வாங்கிய பிறகு மாட்டுக்கொட்டிலின் பின்னால் கிடந்தது. தம்பி அதைப் புளி போட்டுத் தேய்க்கப் போனான். துருவைத் தொடாதே என்று தடுத்தேன். அந்தத் துருதான் எங்களுடைய பழைமைக்குச் சாட்சி.

நட்டு, சந்தனம் பூசி, சிவப்புத் துணி சுற்றி, வடைமாலையும் சாத்தினோம். இரண்டு தெரு தாண்டி வாழ்ந்த பெண்களெல்லாம் வந்து கும்பிட்டார்கள். ஏன் இங்கே நடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

சில நாள் கழித்து நான் விளக்கு வைத்துக்கொண்டு நின்றபோது அவர் கடைப் பக்கமிருந்து வீதியைக் கடந்து வந்தார். கூட நாலைந்து பேர் நின்றார்கள்.

“மாஸ்டர், உந்த வைரவர் எப்ப வந்தவர்?”

“அவர் எப்பவும் இஞ்சைதான்.”

“நான் சின்னனிலை உந்த வேம்பிலைதான் ஆடு கட்டினனான். அப்ப இவரைக் காணேல்லை.”

“உனக்குக் கண் தெரியேல்லை எண்டா வைரவர் என்ன செய்யிறது?” என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு, “உங்கடை வீட்டு அலுமாரிக்கும் இவருக்கும் எத்தினை மீற்றர் எண்டு ஒருக்கா அளந்து பாருங்கோவன், மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் கடுமையானேன்.

அளக்க வந்த உத்தியோகத்தர்கள் நாடாவைச் சூலத்தடியில் பிடித்து, கடை வாசல்வரை இழுத்தார்கள். எவ்வளவு காலமாக வழிபாடு நடக்கிறது என்று கேட்டார்கள். பாட்டனார் காலந்தொட்டு என்றேன். அவர்கள் துருவைப் பார்த்தார்கள், என் நரைமுடியைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். நானும் அதையே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

கடை பூட்டியபடியே கிடந்தது. அவர் முதலில் ஓட்டோ ஓடினார். பிறகு அதையும் விற்றார். நான் அதைக் கேள்விப்பட்டபோது வருத்தப்படவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

என்னை வேறொன்று உலுக்கியது. எங்கள் ஆட்களில் ஒருவர், எனக்குத் தூரத்து உறவினர், வெளிநாட்டிலிருந்து வந்து அதே வீதியில் பியரும் விற்கும் விடுதி ஒன்று கட்டினார். வைரவரிலிருந்து விடுதிக்கு உள்ள தூரம் பூட்டிய கடைக்கு உள்ளதை விடக் குறைவுதான். ஆனால் சுற்றுலா விடுதிக்கு வேறு வகை அனுமதி, அதற்கு அந்தத் தூரக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றார்கள். சட்டப்படி அது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் ஒருவரும் மகஜர் எழுதச் சொல்லி என்னிடம் வரவில்லை. நானும் எழுதவில்லை. திறப்புவிழாவில் நிறைகுடம் வைத்தார்கள், நான் வாழ்த்துரை வழங்கினேன். விடுதிக்காரர் வைரவருக்குக் கொங்கிறீற் கூரை போட்டுக் கொடுத்தார். சூலத்தையும் சீமெந்தில் இறுக்கினார்கள்.

விழா முடிந்து வெளியில் வந்தபோது ஒரு லொறியிலிருந்து பியர்ப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. தோளில் பெட்டியோடு என் முன்னால் வந்தவர் அந்தப் பூட்டிய கடையைக் கட்டியவர். வழிவிடுவதற்காக நான் ஒதுங்கினேன். என்னை அடையாளம் கண்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. என் கழுத்தில் மாலை கிடந்தது. வாழ்த்துரைக்காகப் போட்டது.

அன்றிலிருந்து எனக்கு உணவு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இறங்கியது. ஆனால் அந்த வேம்பைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினேன். மனைவி இறந்து வீட்டில் தனித்த பிறகு அதுவும் முடியாமற்போயிற்று. ஒரு சமாதான நீதவானின் முன் சத்தியக்கடதாசி முடித்து, பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனேன். சூலம் என்னால் நடப்பட்டது, நான் எழுதியது பொய் என்று அதில் இருந்தது.

அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் மரியாதையாகத் தண்ணீர் தந்து, இரண்டு தரம் வாசித்தார். இன்று அங்கே நித்திய பூசையும் வருடப் பொங்கலும் நடக்கின்றன, இன்று அது வழிபாட்டுத் தலம்தான், இன்றைய நிலையைத்தான் பார்க்க முடியும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. என் பொய்யை ஊர் கும்பிட்டுக் கும்பிட்டே மெய்யாக்கிவிட்டது.

அடுத்த நாள் அந்தக் கடையைக் கட்டியவருடைய வீட்டுக்குப் போனேன். அந்த ஒழுங்கைக்குள் அதற்கு முன் நான் போனதில்லை. அவர் முற்றத்தில் நின்று சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குச் செய்தது அநியாயம், மன்னிக்க வேணும் என்றேன்.

“இப்ப நான் ‘நீங்கள்’ ஆயிட்டனோ?” என்றார்.

நான் சத்தியக்கடதாசியின் பிரதியை நீட்டினேன்.

“கடதாசியிலை எழுதுறது உங்களுக்கு லேசு, மாஸ்டர். அண்டைக்கும் எழுதினனீங்கள், இண்டைக்கும் எழுதினனீங்கள். நட்ட கையாலை பிடுங்குங்கோ. வாங்கோ, நானும் வாறன்.”

பட்டப்பகலில் இருவரும் நடந்து போனோம். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சந்திக் கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். நான் கூரையின் கீழே போய்ச் சூலத்தைப் பிடித்தேன். சீமெந்தில் இறுகியது, ஒரு கிழவனால் அசைக்க முடியாது. ஆனால் நான் அசைத்துப் பார்க்கவேயில்லை. யாரோ புதிதாகச் சாத்தியிருந்த வடைமாலை என் மணிக்கட்டில் பட்டது. என்னை அறியாமல் ‘வைரவா, பொறுத்துக்கொள்’ என்று வாய் முணுமுணுத்தது.

அதை அவர் கேட்டுவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

“பாத்தியளே மாஸ்டர். கொட்டிலுக்குப் பின்னாலை கிடந்த இரும்பு. உங்களுக்கே பயம்.”

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் பரவியது. வைரவரைப் பிடுங்கப் போனவன் என்று சனசமூக நிலையத்திலிருந்து என்னை நீக்கினார்கள். நான் சத்தியக்கடதாசியின் பிரதியைக் காட்டினேன். ஒருவரும் வாங்கி வாசிக்கவில்லை. அன்று கூட நின்று நட்டவர்களே, மாஸ்டருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். தம்பி என் வீட்டுப் படலை தாண்டி உள்ளே வருவதில்லை. சூலத்தைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்துப் பூட்டியிருக்கிறார்கள். கள்ளருக்காக என்கிறார்கள். அது எனக்காக என்பது எனக்குத் தெரியும்.

கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, கதவுகள் அடியில் துருவேறிக் கறள் கட்டிவிட்டன. அவர் விடுதியில் பெட்டி இறக்குகிறார். நான் மருந்து வாங்கப் புத்தூர்ச் சந்திக்குப் போகும் நாளில் லொறியடியில் அவரைக் காண்கிறேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எத்தனை பேர் நின்றாலும், உரத்துக் கேட்பார்:

“மாஸ்டர், வைரவர் சுகமோ?”

நான் நின்று, “ஓம், சுகம்” என்கிறேன். மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் போகிறேன்.